பஞ்ச்சுக்கு வேண்டியதை மட்டும்

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு துரும்பைக்கூட நகர்த்துவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். சாதாரண முடிவு இல்லை. பல் விளக்கும்போது கண்ணாடியைப் பார்த்து, வாயில் நுரையோடு, என்னையே சாட்சியாக வைத்து எடுத்த முடிவு.

காரணம் இருக்கிறது. நான் ஒரு மெத்தைக் கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். வாரம் முழுக்க நின்றுகொண்டே, படுத்திருப்பதன் பெருமையை ஊருக்கு எடுத்துச் சொல்கிறவன். ஊருக்கு உபதேசம் செய்கிறவன் ஒரு நாளாவது வீட்டில் அதைக் கடைப்பிடிக்க வேண்டாமா? நான் சோபாவில் சாய்ந்தால் அது சோம்பல் இல்லை. தொழில் பக்தி.

என் மனைவி இதை ஒப்புக்கொள்வதில்லை. அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். வருகிறவர்களை உட்கார வைத்து, காக்க வைத்து, கடைசியில் தானாகவே வாயைப் பிளக்க வைப்பது அவள் வேலை. அதட்ட மாட்டாள். மிரட்ட மாட்டாள். "ஒண்ணும் வலிக்காதுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். உள்ளே போனவருக்குத்தான் தெரியும்.

நான் முடிவெடுத்த அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மாமனாருக்கு எழுபதாவது பிறந்தநாள். விருந்து எங்கள் வீட்டில்.

மாமனாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஓட்டுநர் உரிமம் கேட்டு வருகிறவர்களைச் சோதிக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அடுத்தவன் எப்போது தப்பு செய்வான் என்று பார்த்துக்கொண்டே இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. காபியை ஒரு வாய் குடித்தால், "பெயில்." வானிலை அறிக்கையைக் கேட்டால், "பெயில்." என்னைப் பார்த்தால் அந்த ஒரு வார்த்தையைக்கூட வீணாக்க மாட்டார். தலை மட்டும் இடமும் வலமும் ஆடும்.

அவரிடம் பாஸான ஒரே ஆத்மா என் சகலை. மனைவியின் தங்கை வீட்டுக்காரர். கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவர். கடுகளவு திருகாணியை மூச்சு விடாமல் மாட்டுகிற மனிதர். போன வருடப் பிறந்தநாள் அவர் வீட்டில் நடந்தது. தன் கையாலேயே மூன்று அடுக்கு கேக் செய்து மேசை நடுவில் வைத்தார். மாமனார் ஒரு துண்டு சாப்பிட்டார். கண்ணை மூடினார். "பாஸ்" என்றார்.

அன்றிலிருந்து அந்த 'பாஸ்' என் காதுக்குள் கொசு மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது.

விருந்துக்குச் சில நாள் முன்பு, மாலையில், நான் சோபாவில் தொழில் பக்தியில் ஆழ்ந்திருந்தேன். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து செல்போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பெண் கலர் கலராக எதையோ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னது அது? பெயின்டா?"

"ஃப்ரூட் பஞ்ச்சுங்க. நாலஞ்சு பழச்சாறைக் கலந்து, பழத்தை நறுக்கி மிதக்க விட்டு, பெரிய கண்ணாடிக் கிண்ணத்துல வெக்கறாங்க. விருந்துக்கு வந்தவங்க கரண்டியால மொண்டு மொண்டு குடிக்கறாங்க. எவ்வளவு அழகா இருக்கு பாருங்க." பெருமூச்சு விட்டாள். "ப்ச்... நமக்கெல்லாம் சரிப்பட்டு வராது. பாட்டில் கூல்டிரிங்க்ஸ் வாங்கி வெச்சிடலாம்."

"ஏன் சரிப்பட்டு வராது?"

"அதுக்குப் பொறுமை வேணுங்க."

"எனக்குப் பொறுமை இல்லையா? இத்தனை வருஷமா உன்கூடக் குடும்பம் நடத்தறேன்!"

"அது பொறுமை இல்லீங்க. தூக்கம்."

அவளே தொடர்ந்தாள். "தங்கச்சி வீட்டுக்காரர் மாதிரி ஆளுன்னா அசால்ட்டா பண்ணிடுவார். அவரையே கேட்டுப் பாக்கட்டுமா? வரும்போது அப்படியே பண்ணி எடுத்துட்டு வந்துடுவார். மூணடுக்கு கேக்கையே பண்ணின கை..."

அவள் விரல் செல்போனில் எண்ணைத் தேட ஆரம்பித்தது.

நான் எழுந்து உட்கார்ந்தேன். சோபா ஸ்பிரிங்கே அதிர்ச்சியில் கத்தியது.

"போனைக் கீழ வை. பஞ்ச் நான் பண்றேன்."

"நீங்களா?"

"நானேதான். ஆனா ஒரு நிபந்தனை."

அந்த நொடியில் என் மூளை மின்னலாக வேலை செய்தது என்றே சொல்ல வேண்டும். பஞ்ச் என்றால் என்ன? பழத்தைப் பிழிந்து பாத்திரத்தில் ஊற்றுவது. ஒரு தூக்கம் போட்டு எழுந்து செய்தால்கூட முடிந்துவிடும். அதைச் சாக்காக வைத்து மற்ற வேலைகள் அத்தனையிலிருந்தும் கழன்றுகொள்ளலாம். போதாததற்கு மாமனாரிடம் ஒரு 'பாஸ்'. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

"பஞ்ச்சுக்கு வேண்டியதை மட்டும்தான் நான் பண்ணுவேன். வீட்டைக் கூட்டு, ஜன்னலைத் துடை, அதை நகர்த்து, இதை இறக்குன்னு வேற எதையும் என் தலையில கட்டக் கூடாது."

"சேச்சே! பஞ்ச்சுக்கு வேண்டியதை மட்டும் பண்ணுங்க, போதும்."

"நீ நடுவுல தலையிடக் கூடாது."

"நான் ஏன் தலையிடப் போறேன்? உங்க பஞ்ச், உங்க பாடு."

இவ்வளவு சுலபமாக அவள் எதையும் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று மகிழ்ந்தேன். எலுமிச்சம்பழம் பாலில் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை.

சனிக்கிழமை காலை செல்போனைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள்.

"நான் தலையிடலீங்க. இந்தப் பொண்ணு சொல்றதை மட்டும் கேட்டுக்கோங்க. சின்ன ஐஸ் கட்டி போட்டா சீக்கிரம் கரைஞ்சு பஞ்ச் தண்ணியாப் போயிடுமாம். பெருசா வளையம் மாதிரி ஐஸ் உறைய வெக்கணுமாம். உள்ள ஆரஞ்சு வில்லை, திராட்சை எல்லாம் தெரியற மாதிரி."

"அவ்வளவுதானே?"

வளைய அச்சில் தண்ணீர் ஊற்றி, ஆரஞ்சு வில்லைகளை அடுக்கி, ஃப்ரீசர் கதவைத் திறந்தேன்.

அது ஃப்ரீசர் இல்லை. பனிமலைக்கு யாரோ கதவு வைத்திருந்தார்கள். வளையம் என்ன, மோதிரம்கூட உள்ளே போகாது.

"அடடா," என்றாள் மனைவி, கன்னத்தில் கை வைத்து. "இப்ப என்ன பண்றது? ஐஸ் இல்லாமலே விட்டுடலாமா? அப்பாவுக்கு வெதுவெதுன்னு குடுத்துடலாம்."

மாமனாரின் தலை இடமும் வலமும் ஆடுவது என் மனக்கண்ணில் தெரிந்தது. ஃப்ரிட்ஜின் ப்ளக்கைப் பிடுங்கினேன்.

பனி உருக உருக ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பச்சைப் பட்டாணிப் பொட்டலங்கள். எந்தக் கடலில் பிடித்தது என்று தெரியாத ஒரு மீன். மனைவிக்குத் தெரியாமல் நான் ஒளித்துவைத்து, ஒளித்ததையே மறந்துபோன ஐஸ்கிரீம். அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் பயமாக இருந்தது. குனிந்து இன்னும் வேகமாகச் சுரண்டினேன்.

தண்ணீர் சமையலறை முழுக்க ஓடியது. துடைத்தேன். ஃப்ரிட்ஜுக்கு அடியில் புகுந்தது. ஃப்ரிட்ஜை நகர்த்தினேன். அதன் பின்னால் ஒரு நாகரிகமே புதைந்து கிடந்தது. கூட்டி அள்ளினேன். நகர்த்திய இடத்தில் மட்டும் தரை வெள்ளையாக இருந்தது. மற்ற இடமெல்லாம் வேறு நிறம். பார்க்கச் சகிக்கவில்லை. முழுத் தரையையும் தேய்த்துக் கழுவினேன்.

"உதவி பண்ணட்டுமாங்க?" ஹாலிலிருந்து குரல். நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்! தலையிடாதேன்னு சொன்னேன்ல?"

"சரிங்க."

எனக்குள் ஒரு சின்னத் திருப்தி. அவளை வேலை செய்ய விடாமல் அடக்கி வைத்திருக்கிறேன்!

ப்ளக்கை மாட்டி, ஐஸ் வளையத்தை உள்ளே வைத்துவிட்டு இடுப்பில் கை ஊன்றி நிமிர்ந்தேன். அடுத்து கிண்ணம். கல்யாணத்துக்கு யாரோ பரிசாகக் கொடுத்த பெரிய கண்ணாடிக் கிண்ணம் ஒன்று எங்களிடம் உண்டு. குழந்தையைக் குளிப்பாட்டலாம், அவ்வளவு பெரியது.

"அது எங்க இருக்கு?"

"பரண்லதாங்க. உள்ள, கடைசியில. மீன் குழம்பு வெக்கற சட்டி கைக்கெட்டற மாதிரி இருக்கு. அதுல வெச்சுக்கறீங்களா?"

எழுபதாவது பிறந்தநாளுக்குச் சட்டியில் பஞ்ச்சா? ஏணியைப் போட்டேன்.

பரணில் கிண்ணம் கடைசியில் இருந்தது. அதற்கு முன்னால் எங்கள் இல்லறம் முழுவதும் இருந்தது. சக்கரம் உடைந்த பெட்டிகள், இறக்கை இல்லாத மின்விசிறி, தொப்பை குறைக்க நான் வாங்கி, தொப்பையைவிட அதிகத் தூசி சேர்த்த உடற்பயிற்சி எந்திரம். எல்லாவற்றையும் இறக்கினால்தான் கை கிண்ணத்தை எட்டும். இறக்கினேன். அரைக்கிணறு தாண்டியவன் திரும்பவா முடியும்? கடைசியாகக் கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, தலையெல்லாம் ஒட்டடையோடு, புதையல் எடுத்தவன் போல இறங்கினேன்.

"அப்பாவுக்குத் தூசி ஆகாதுங்க," என்றாள் மனைவி மேலே பார்த்தபடி. "தும்மல் வந்தா நாலு தெருவுக்குக் கேக்கும். வாயில பஞ்ச் இருக்கறப்ப தும்மிட்டார்னா..."

மறுபடி ஏறினேன். பரணைத் துடைத்தேன்.

இறங்கி வந்தால் வாசலில் பழைய சாமான் கடைக்காரர் தள்ளுவண்டியோடு நிற்கிறார். பெட்டிகளும் மின்விசிறியும் அதில் ஏறிக்கொண்டிருந்தன. "பஞ்ச்சுக்கு இதெல்லாம் வேண்டாம்தானேங்க?" என்று கேட்டாள். யோசித்தேன். வேண்டாம்தான். உடற்பயிற்சி எந்திரத்தை இருவரும் சேர்ந்து தூக்கினோம், கடைக்காரரும் நானும். வாங்கியதிலிருந்து அதைக்கொண்டு நான் செய்த முதல் உடற்பயிற்சி அதுதான்.

சாயங்காலம் அவள் அடுத்த சந்தேகத்தைக் கிளப்பினாள்.

"கிண்ணத்தை எங்கங்க வெப்பீங்க?"

"ஹால் மேசையில."

"தங்கச்சி பசங்க ஓடிப் புடிச்சு விளையாடுவாங்களே. போன தடவை பூச்சாடி என்ன கதி ஆச்சு, மறந்துட்டீங்களா?"

"அப்போ சமையல் மேடை?"

"தாராளமா. யார் பாப்பாங்க? உழைச்சது நீங்க. நாலு பேர் பாக்க வேண்டாமா? பால்கனின்னா காத்தும் வரும், ஹால்ல உக்காந்தா கண்ணாடிக் கதவு வழியா தகதகன்னு தெரியும். ஆனா வேண்டாம். பால்கனியில கால் வெக்க இடம் இல்லை. விடுங்க."

"விடுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னாள் பாருங்கள்! அதற்கு மேல் விட முடியுமா? காற்றுப்போன டயர், செடி செத்த தொட்டிகள், மழையில் ஊறிய அட்டைப்பெட்டிகள் எல்லாவற்றையும் அகற்றினேன். கழுவிவிட்டேன். சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியவில்லை. இருட்டில் பஞ்ச் எப்படித் தகதகக்கும்? பல்பு மாற்றினேன். வெளிச்சம் வந்ததும் கண்ணாடிக் கதவின் அழுக்கு தெரிந்தது. இந்தப் பக்கம் துடைத்தால் அந்தப் பக்க அழுக்கு தெரிந்தது. அந்தப் பக்கம் துடைத்தால் பக்கத்து ஜன்னல் அசிங்கமாகத் தெரிந்தது.

துடைத்துவிட்டுச் சோபாவில் விழுந்தபோது எனக்கு இடுப்பு என்று ஒன்று இருந்த ஞாபகம் மட்டும் மிச்சம். பஞ்ச் இன்னும் ஒரு சொட்டுகூட இல்லை.

அப்போதுதான் எனக்குள் இருந்த கெட்டிக்காரன் விழித்தான். தெரு முனையில் ஜூஸ் கடை இருக்கிறது. வாளி நிறைய வாங்கிவந்து கிண்ணத்தில் கவிழ்த்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? பழம் வாங்கிவருகிறேன் என்று பையோடு கிளம்பினேன்.

ஜூஸ் கடைக்காரர் மிக்ஸியை நிறுத்தினார்.

"வாங்கண்ணே. இப்பதான் அண்ணி போன் பண்ணாங்க."

"எ... எதுக்கு?"

"'அவர் வருவார். பழம் கேட்டா நல்லதாப் பாத்துக் குடுங்க. ஜூஸ் கேட்டா குடுக்காதீங்க'ன்னாங்க."

"நான் ஜூஸ் கேக்க வந்தேன்னு யார் சொன்னா?"

"கையில தூக்குச்சட்டி வெச்சிருக்கீங்களேண்ணே."

குனிந்து பார்த்தேன். அவசரத்தில் பைக்குள் வைக்க மறந்திருந்தேன்.

"இதை... தட்டிப் பாத்து தர்பூசணி வாங்கலாம்னு..."

"சட்டியாலயா?"

"அது இருக்கட்டும். வேற என்ன சொன்னா?"

"'அவர் கைப்பக்குவம் வேற யாருக்கும் வராது. கடை ஜூஸை ஊத்திக் கெடுத்துடக் கூடாது'ன்னாங்க. குடுத்து வெச்சவர்ண்ணே நீங்க. எங்க வீட்டுல நான் ஜூஸ் போட்டா நாய்கூட மோந்து பாக்காது."

என் முகம் மலர்ந்துவிட்டது. கைப்பக்குவமாம்! பஞ்ச் பண்ணுவதற்கு முன்பே பாராட்டு! ஆரஞ்சு, அன்னாசி, மாதுளை, கறுப்புத் திராட்சை, ஆப்பிள், எலுமிச்சை, இஞ்சி, புதினா என்று தோள் கழலக் கழலச் சுமந்துகொண்டு வீடு சேர்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பஞ்ச் ஆரம்பமானது. எடுத்த எடுப்பிலேயே கத்தி அன்னாசியில் இறங்காமல் வழுக்கியது. அடுத்த கத்தி அதைவிட மழுங்கல். வீட்டிலிருந்த அத்தனை கத்தியையும் சாணைக்கல்லில் தீட்டினேன். மாதுளையைப் பிளந்தேன். சிவப்புச் சாறு சீறிப் போய்ச் சுவரில் அடித்தது. கொலை நடந்த வீடு மாதிரி இருந்தது. அதைத் துடைத்தால், துடைத்த இடம் மட்டும் பளிச்சென்று அடுப்புக்குப் பின்னால் இருந்த எண்ணெய்ப் பிசுக்கைக் காட்டிக்கொடுத்தது. இரண்டையும் சேர்த்தே தேய்த்தேன்.

பிழிந்தேன். வடிகட்டினேன். கலந்தேன். ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்தேன்.

ஒரு கண் மூடிக்கொண்டது. இன்னொரு கண் அதைப் பார்த்துத் தானும் மூடிக்கொண்டது. காது வரைக்கும் புளித்தது.

"என்னங்க, எப்படி இருக்கு?" அவள் கதவோரம் நின்றாள்.

"பிர... மாதம்." நாக்கு பல்லோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"நான் வேணா..."

"வேண்டாம்."

இந்தத் தடவை வீம்புக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே நானே சரிசெய்ய வேண்டும் போலிருந்தது. திராட்சைச் சாறு சேர்த்தேன். புளிப்பு கொஞ்சம் இறங்கியது. ஆப்பிள் சாறு. இன்னும் கொஞ்சம் இறங்கியது. சர்க்கரைப் பாகு ஊற்றினேன். திகட்டியது. துளி உப்பு. இஞ்சியைத் தட்டிப் பிழிந்தேன். புதினாவைக் கையில் அறைந்து போட்டேன். கரண்டி கரண்டியாகக் குடித்துக் குடித்து வயிறு தண்ணீர்க்குடம் ஆகிவிட்டது. மாமனாரையும் மறந்தேன், சகலையையும் மறந்தேன். சோபா இருந்த திசைகூட மறந்துபோனது. கடைசியில் ஒரு கரண்டி வாயில் போனதும், முதலில் இனிப்பு வந்து, பின்னால் மெல்லப் புளிப்பு வந்து, எல்லாம் போன பிறகு தொண்டையில் இஞ்சி ஒரு சின்னச் சூட்டை விட்டுப் போனது.

"ஏய்! இங்க வா! இதைக் குடிச்சுப் பாரு!"

வந்தாள். குடித்தாள். இன்னொரு கரண்டி மொண்டு குடித்தாள். பிறகு என் நெற்றியில் ஒட்டியிருந்த புதினா இலையை எடுத்துவிட்டு, "நெஜமாவே நல்லா இருக்குங்க," என்றாள். அவள் குரலில் ஆச்சரியம் இருந்தது. அதை நான் பாராட்டின் பகுதியாகவே எடுத்துக்கொண்டேன்.

மாலை. பால்கனியில் கண்ணாடிக் கிண்ணம். அதில் மாணிக்க நிறத்தில் பஞ்ச். நடுவில் ஆரஞ்சு வில்லைகளோடு ஐஸ் வளையம் மெதுவாகச் சுற்றியது. கடைசி நேரத்தில் சோடாவை ஓரமாக ஊற்ற, குமிழ்கள் ஓடிவந்து மேலே முட்டின.

முதலில் சகலை குடும்பம் வந்தது. பிள்ளைகள் ஓட, மச்சினி சமையலறைக்குள் போக, சகலை மட்டும் இடுப்பைப் பிடித்தபடி பால்கனிக்கு வந்தார்.

"என்ன சகலை, முதுகா?"

"லேசா பிடிப்பு. வீட்டுல கொஞ்சம் வேலை." கிண்ணத்தைப் பார்த்தார். "நீங்களே பண்ணதா சகலை?"

"நானேதான். யாரையும் கிட்ட விடலை."

"ஐஸ்கூட வீட்டுலயே உறைய வெச்சதா?"

"ஆமா."

"கிண்ணம் பரண்ல இருந்துச்சோ?"

"ஆமா. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

அவர் என் தோளில் கை வைத்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு மாமனார். வாசலிலேயே நின்று நாலு பக்கமும் பார்த்தார். பரணைப் பார்த்தார். ஜன்னலை விரலால் தேய்த்து, விரலைப் பார்த்தார். சமையலறைக்குள் தலையை நீட்டி முகர்ந்தார்.

"வீடு பளிச்சுனு இருக்கே. ஆள் வெச்சுச் சுத்தம் பண்ணினியாம்மா?"

"இல்லப்பா. அதுவா ஆயிடுச்சு," என்றாள் மகள்.

எல்லோரும் பால்கனிக்கு வந்தோம். நான் ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு, ஒரு திராட்சையும் மிதக்க விட்டு, இரண்டு கையாலும் நீட்டினேன். மாமனார் வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். குடித்துவிட்டு வண்டி ஓட்ட வந்தவர்கள் எத்தனை பேரைப் பிடித்த மூக்கு அது!

"பஞ்ச்னா உள்ள எதையாவது கலப்பாங்களே. இதுல சரக்கு இருக்கா?"

"இல்லவே இல்லை மாமா. வெறும் பழம்தான்."

"எங்க, ஊதுங்க."

ஊதினேன். புதினா மணத்த மூச்சு அவர் மூக்குக் கண்ணாடியை மறைத்தது.

"ம். உங்ககிட்ட சரக்கு இல்லைன்னு கல்யாணத்தன்னைக்கே தெரியும். இதுல இருக்கான்னுதான் சந்தேகம்."

எல்லோரும் சிரித்தார்கள். சகலை மட்டும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மாமனார் ஒரு வாய் குடித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாய். பின்னோக்கி வண்டியை நிறுத்துகிறவனைக் கவனிக்கிற மாதிரி கண்ணைச் சுருக்கினார். என் கல்யாண வாழ்க்கை முழுவதும் அந்த டம்ளரின் விளிம்பில் நின்றது. மனைவி என் சட்டை முனையைப் பிடித்திருந்தாள். அவர் விழுங்கும் வரை விடவே இல்லை. அதை மட்டும் நான் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை.

மூன்றாவது வாயில் டம்ளர் காலியானது.

மாமனார் அதை என்னிடம் நீட்டினார். "இன்னொண்ணு."

"மாமா?"

"பாஸ்தான் மாப்பிள்ளை. இன்னொண்ணு ஊத்துங்கன்னேன். இஞ்சி யாரு போடச் சொன்னது?"

"நானாவேதான் மாமா."

"ம். பரவாயில்லை. தலையில ஏதோ இருக்கு."

உடற்பயிற்சி எந்திரம் தூக்கிய தோளும் ஃப்ரிட்ஜ் தள்ளிய இடுப்பும் அந்த நொடியில் எங்கே போயின என்றே தெரியவில்லை. எல்லோரும் மொண்டு மொண்டு குடித்தார்கள். பிள்ளைகள் ஐஸ் வளையத்துக்குச் சண்டை போட்டார்கள். அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் எட்டிப் பார்க்க, அவர்களுக்கும் கொடுத்தேன். கிண்ணம் தரை தட்டியது. நான் தரையில் கால் படாமல் நடந்தேன்.

சோம்பேறி என்று சொன்னவர்கள் வாயை அடைத்தாகிவிட்டது. சகலையின் கேக்குக்குச் சரிசமமாக நின்றாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒப்பந்தப்படி வேறு எந்த வேலையும் செய்யாமல் தப்பித்தும் ஆகிவிட்டது. மனைவி என் மேல் சுமத்தக் காத்திருந்த வேலைகள் எல்லாம் என்ன ஆயின என்று நினைத்துப் பார்த்தேன். பாவம், ஒன்றுகூடச் சொல்ல முடியாமல் போய்விட்டதே அவளால்! ஒரு நல்ல கணவனாக அவளுக்கு ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று, காலி டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் போனேன்.

உள்ளே அக்காவும் தங்கையும் கிசுகிசுவென்று பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பற்றித்தான் பெருமையாகப் பேசுகிறார்கள் என்று கதவருகே ஒரு நிமிடம் நின்றேன்.

மச்சினியின் குரல் தெளிவாகக் கேட்டது:

"ஃப்ரிட்ஜுக்கும் பரணுக்கும் பஞ்ச் சரிக்கா... எங்க குளியலறைக்கு என் வீட்டுக்காரரை என்ன ஜூஸ் போடச் சொல்றது?"